ரங்கூன் அரிசிக்காக நான் பேசப் போனது

மதுரை ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டிக்காரர் ஒருவர் என் பர்மாக் குடையையும் பட்டு லுங்கியையும் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வெளிநாட்டு அய்யா எங்க போகணும்?" என்று கேட்டார். நான் பிறந்த வீடு அந்த ஸ்டேஷனிலிருந்து நடந்து போகிற தூரம். பதினாலு வயதில் கப்பலேறினேன். ரங்கூனில் அரிசிக் கிட்டங்கியில் சாக்குத் தைத்தேன். இன்றைக்கு அதே துறைமுகத்தில் என் பெயர் அச்சடித்த சாக்குகள் கப்பலேறுகின்றன. அப்படிப்பட்டவனைச் சொந்த ஊரில் வெளிநாட்டான் என்றால் எப்படி இருக்கும்?

ஆனாலும் வண்டிக்காரர் சொன்னதில் தப்பு காண முடியாது. பர்மாவை இந்தியாவிலிருந்து பிரித்து அப்போது ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதே வயல், அதே மில், அதே சாக்கு, அதே கப்பல். நேற்றுவரை உள்நாட்டுச் சரக்கு என்றார்கள், இன்று வெளிநாட்டுச் சரக்கு என்கிறார்கள். என் கதையும் அதுதான்.

நான் வந்த காரியமும் அதையொட்டியதே. வெளிநாட்டு அரிசி ஆகிவிட்டதால் அதற்குச் சுங்கவரி போட வேண்டும் என்று மதுரைப் பக்கத்து நெல் விவசாயிகள் சர்க்காருக்கு மகஜர் அனுப்பப் போவதாக ரங்கூனுக்குத் தகவல் வந்தது. வரி வந்தால் எங்கள் கப்பல்கள் பாதி காலியாகப் போகும். வியாபாரிகள் கூடிப் பேசினோம். யாராவது ஒருவர் நேரில் போய் அந்த விவசாயிகளிடமே பேசி மகஜரை நிறுத்த வேண்டும் என்று முடிவாயிற்று. பி.ஏ. படித்தவர்கள் இரண்டு பேர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் வகுப்போடு நின்ற என்னைத்தான் அனுப்பினார்கள். உழவர்களிடம் பேச உங்களால்தான் ஆகும் என்றார்கள். உண்மைதான். பேச்சில் என்னை மடக்கியவர் அந்தத் துறைமுகத்தில் யாரும் கிடையாது.

நான் அவர்களிடம் சொல்லாத சங்கதி ஒன்று இருந்தது. மதுரைக்கு மேற்கே மாடக்குளம் கண்மாய்ப் பாசன ஊர்களில் அந்த மகஜருக்கு ஆள் திரட்டிக்கொண்டிருந்தவர் சோலைமலை. என் ஒரே தங்கை பேச்சியம்மாளின் புருஷன்.

முதல் நாள் நெல்பேட்டையில் காசிம் ராவுத்தர் வீட்டில் தங்கினேன். என் அரிசியை மதுரையில் வாங்கி விற்கிற மண்டிக்காரர் அவர். ரங்கூனில் காலையில் மொயிங்கா என்று மீன் குழம்பில் சேவை போட்டுத் தருவார்கள். நல்ல சாப்பாடுதான், பழகிவிட்டேன். ஆனால் ராவுத்தர் வீட்டு இடியாப்பமும் ஆட்டுக்கறி ஆணமும் சாப்பிட்ட கையை நான் மத்தியானம்வரை மோந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

மண்டியில் மதுரைச் சம்பாவையும் ரங்கூன் குருணையையும் அடுத்தடுத்துக் கொட்டி வைத்திருந்தார். பஞ்சாலையில் வேலை செய்கிறவரின் மனைவி ஒருத்தி கூடையோடு வந்தாள். சம்பாவை ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள், திரும்பக் கொட்டினாள். "ரங்கூன்லயே போடுங்க பாய். சம்பா அம்புட்டு விலைக்கு நமக்கு ஆகாது" என்றாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ராவுத்தர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார்.

"இந்தம்மாவ அந்த வெவசாயிககிட்டக் கூட்டிட்டுப் போயிருங்க ரங்கூனாரே. நீங்க வாயே தொறக்க வேணாம்."

"நீங்க எந்தப் பக்கம் பாய்?" என்று கேட்டேன்.

"நான் தராசு. ரெண்டு பக்கமும் எனக்குக் கனக்கணும்" என்றார்.

இரண்டாம் நாள் தங்கை ஊருக்குப் புறப்பட்டேன். பழங்காநத்தம் வழியாகப் போகிற பஸ். ரங்கூனில் டிராம் வண்டி மணியடித்துக்கொண்டு தண்டவாளத்தில் வழுக்கிக்கொண்டு போகும். இந்த பஸ் பழங்காநத்தத்தைத் தாண்டுவதற்குள் இரண்டு தடவை தண்ணீர் கேட்டது. மூன்றாவது தடவை ஒரேயடியாக நின்றுவிட்டது. கண்டக்டர் எல்லோரையும் இறங்கித் தள்ளச் சொன்னார். நான் குடையோடு ஓரமாக நின்றேன். கத்தரிக்காய்க் கூடையை இடுப்பில் வைத்திருந்த ஒரு அம்மாள் பக்கத்திலிருந்தவளிடம், "பட்டு லுங்கி கட்டினவுக தள்ளுனா வண்டிக்கு வலிச்சிருமாம்ல" என்று என் காதில் விழும்படி சொன்னாள். குடையை அவள் கூடையில் செருகிவிட்டுப் போய்க் கை கொடுத்தேன். சும்மா சொல்லவில்லை, நான் கை வைத்த பிறகுதான் அது நகர்ந்தது.

தங்கையைப் பார்த்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. வாசலில் என்னைக் கண்டதும் ஈரக் கையோடு ஓடி வந்தாள். "எம்புட்டு எளச்சுப் போயிட்டண்ணே" என்றாள். நான் எளைக்கவில்லை, நன்றாகத்தான் இருந்தேன். அவள்தான் எளைத்திருந்தாள். நான் கொண்டு போயிருந்த பர்மா அரக்குச் செப்பைத் திறந்து திறந்து மூடினாள். சோலைமலை வயலிலிருந்து வந்து, கிணற்றடியில் கால் கழுவப் போனார். நான் வந்த காரியம் அவருக்குத் தெரியும். ஆனாலும் முகத்தில் ஒன்றும் காட்டாமல், "வாங்க மச்சான். மொதல்ல சாப்பிடுங்க, அப்புறம் சண்டை போடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இலை போட்டாள். மொச்சை போட்ட கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு, அவித்த முட்டை, சுடச்சுடச் சோறு. முதல் பிடியை வாயில் வைத்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆவி மில்லில் புழுக்கிய அரிசிக்கு ஒரு வாடை உண்டு. எத்தனை தண்ணீரில் களைந்தாலும் அது போகாது. பருக்கைகளில் பாதி நுனி ஒடிந்திருந்தன. ரங்கூன் அரிசி. முப்பது வருஷமாக மாதிரி அரிசியைக் கடித்துப் பார்த்தே தரம் சொல்லிச் சம்பாதித்த பல் என்னுடையது.

"பேச்சி, இது நம்ம கடல் தாண்டி வந்த அரிசியில்ல?" என்றேன்.

அவள் முகம் செத்துப் போயிற்று. கிணற்றடிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு என் பக்கத்தில் குனிந்தாள்.

"மெல்லப் பேசுண்ணே. வெளிய தெரிஞ்சா அவுக தலை நிமிந்து நடக்க முடியாது. யார்ட்டயும் சொல்லிராத."

"நான் எதுக்கும்மா சொல்லப் போறேன்" என்றேன்.

ரங்கூனிலும் மதுரை நகரத்திலும் கடையில் அரிசி வாங்காத வீடு ஏது? ஆனால் அந்த ஊர்களில் வழக்கம் வேறு. சொந்தமாக ஏர் பூட்டுகிற சம்சாரி வீட்டில் கடை அரிசி பொங்கினால் அந்த வீடு நொடித்துவிட்டது என்று அர்த்தம். வாங்குகிற பெண்கள் கூடையில் அரிசியை அடியில் வைத்து, மேலே கீரையைப் பரப்பிக்கொண்டு வருவார்களாம். இதெல்லாம் சின்ன வயதில் எனக்கும் தெரிந்த சங்கதிதான். அப்போது நினைப்பு வரவில்லை. விளைகிற வீட்டில் ஏன் கடை அரிசி என்று ஒரு வார்த்தை அவளைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. மகஜர் எழுதுகிறவரே நம் அரிசியைத்தான் சாப்பிடுகிறார் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுக்கொண்டு இன்னும் ஒரு கரண்டி போடச் சொன்னேன்.

மூன்றாம் நாள் காலை சோலைமலை என்னைக் கூட்டிக்கொண்டு வரப்பில் நடந்தார். அறுப்பு முடிந்து தாள் மட்டும் நின்றது. கண்மாய் வற்றிக்கொண்டிருந்தது, கொக்குகள்கூட நடுவில் இருந்த சின்னக் குட்டையில் போய் நெருக்கிக்கொண்டு நின்றன. நான் பேச்சை ஆரம்பித்தேன்.

ரங்கூனில் ஒரு வெள்ளைக்கார மானேஜர் எனக்கு வியாபார சாஸ்திரம் சொல்லுவார். நாடுகளுக்கு நடுவே வரி என்கிற வேலி கூடாது என்பது அவர் கட்சி. அவர் சொன்னதைக் கேட்டு நானே ஒரு உதாரணம் கட்டினேன். அவரே அதைக் கேட்டுச் சிரித்துத் தன் நோட்டில் குறித்துக்கொண்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். என் கிட்டங்கியில் சாக்குத் தைக்கிற தெலுங்கர் ஒருவர் இருக்கிறார். அவர் ஒரு சாக்குத் தைக்கிற நேரத்தில் நான் இரண்டு தைப்பேன், இந்த வயதிலும். இருந்தும் கோணியூசியை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் விலை பேசப் போகிறேன். நான் தைக்க உட்கார்ந்தால் அந்த நேரத்தில் விலை பேசிக் கிடைக்கிற லாபம் போய்விடும். அவருக்கு விலை பேசத் தெரியாது. இப்படிப் பிரித்துக்கொண்டதில் அவருக்கும் மிச்சம், எனக்கும் மிச்சம்.

நாடும் அப்படித்தான் என்று சோலைமலையிடம் சொன்னேன். மதுரைச் சம்பா ருசியில் உசத்தி என்பதை ஒத்துக்கொள்கிறேன். இருக்கட்டும். பர்மாவில் மழை கொட்டுகிறது, நெல் தானாக வருகிறது. நீங்கள் மடைத் தண்ணீருக்கு அடித்துக்கொண்டு விளைவிக்கிறீர்கள். அதை அவர்களிடம் விட்டுவிட்டு வாழை போடுங்கள், வெற்றிலைக் கொடி போடுங்கள். விற்கிற காசில் மலிவான அரிசியை வாங்குங்கள். வரி போட்டால் அதைக் கட்டப் போவது ரங்கூன்காரன் இல்லை, ஆலைத் தொழிலாளியும் தறிக்காரரும்தான். நேற்று முன்தினம் ராவுத்தர் மண்டியில் பார்த்த பெண்ணையும் சொன்னேன்.

அவர் கடைசிவரை குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு வரப்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"மச்சான், ஊசியக் கீழ வச்சுட்டு நீங்க எந்திரிச்சு வேற வேலைக்குப் போனீக. என் வயலு எந்திரிச்சு எங்க போகும்?"

வாழைக்கு வருஷம் முழுக்கத் தண்ணீர் வேண்டும், கண்மாய் மாசியில் வற்றிவிடுகிறது என்றார். நெல் விலை பாதியானால் சர்க்கார் நிலத்துக்கு வாங்குகிற கிஸ்தியைப் பாதியாக்குகிறதா, அதே காசைத்தானே கேட்கிறது, அதைக் கட்ட இரண்டு மடங்கு நெல்லையல்லவா விற்க வேண்டியிருக்கிறது என்றார். அப்படியானால் கிஸ்தியைக் குறைக்கச் சொல்லி மகஜர் எழுதுங்கள், அடுத்தவர் சோற்றுக்கு ஏன் வரி கேட்கிறீர்கள் என்றேன். நல்ல பதில்தான். இன்றைக்கும் அதற்கு யாரும் மறுபதில் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் காலடியில் நின்ற ஒரு தாளைப் பிடுங்கி மண்ணை உதறினார். பிறகு, நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார்.

"நாளக்கி வண்டியூர்த் தெப்பக்குளத்துல கூட்டம். ரேகை வைக்கப் போற ஆளுக எல்லாம் வாராக. இத நீங்க அங்க வந்து சொல்லுங்க. ஒங்க பேச்சையும் கேட்டுட்டு வைக்கிறவுக வைக்கட்டும். நான் சொல்லி ஏற்பாடு பண்றேன்."

எதிராளியைக் கூப்பிட்டுப் பேச விடுகிற மனுஷரை நான் ரங்கூனில் பார்த்ததே இல்லை. ஏமாளி என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்தேன் என்று எழுதுவதற்கே இப்போது கை கூசுகிறது.

நான்காம் நாள் காலை. தெப்பக்குளத்தில் தண்ணீர் இல்லை. நடு மண்டபம் வெயிலில் தனியாக நின்றது. மேற்குக் கரையில் மர நிழலில் ஐந்நூறு பேர் இருக்கும், கூடியிருந்தார்கள். ஒரு மேஜை மேல் மகஜர்க் காகிதங்கள், அவற்றின் மேல் பறக்காமலிருக்க ஒரு கல், பக்கத்தில் ரேகை வைக்க மைப் பெட்டி. வயல் வேலை செய்கிற பெண்கள்கூட வரிசையில் நின்றார்கள்.

சோலைமலை சுருக்கமாகப் பேசினார். எவர் சோற்றிலும் மண் போட நாம் கேட்கவில்லை. விலை விழுகிற வருஷங்களில் மட்டும் வெளி அரிசிக்கு ஒரு மடை வேண்டும் என்கிறோம். இன்றைக்கு மலிவாகத் தருகிறவர்கள் நம் வயல் தரிசான பிறகு என்ன விலைக்குத் தருவார்களோ தெரியாது. இவ்வளவுதான். பிறகு என்னைக் காட்டி, இவர் என் மச்சான், ரங்கூன் வியாபாரி, இவர் சொல்வதையும் கேளுங்கள் என்று உட்கார்ந்துகொண்டார்.

நான் எழுந்தேன். சாக்குத் தைக்கிற கதையைச் சொன்னேன். ரசித்தார்கள். மண்டிக்கு வந்த பெண்ணைச் சொன்னேன். தலையாட்டினார்கள். பர்மாவில் விலை விழுந்தபோது அங்கே உழுதவர்களின் நிலமெல்லாம் கைமாறிப் போனதை நான் கண்ணால் பார்த்தவன். அந்த மலிவால் அந்த நாட்டு உழவனும் பிழைக்கவில்லை. அதை மட்டும் விட்டுவிட்டேன்.

கூட்டம் என் பக்கம் சாய்வதுபோல் இருந்த நேரத்தில் பின்னாலிருந்து துண்டைத் தலையில் கட்டிய ஒருவர் எழுந்தார்.

"அய்யா, ஒங்க குருணைய எங்க பக்கத்துல மனுசன் திங்கிறதில்ல. கோழிக்குத்தான் போடுறோம்."

ஐந்நூறு பேரும் சிரித்தார்கள். வரிசையில் நின்ற பெண்களும் சிரித்தார்கள். என் பெயர் போட்ட சாக்கு. முப்பது வருஷம். நானும் குரலை உயர்த்தினேன்.

"கோழிக்கா? இந்த மகஜரக் கொண்டாந்துருக்காரே என் மாப்ள, அவரு வீட்டுல முந்தாநாள் நான் சாப்பிட்டேன். ரங்கூன் அரிசிதான் பொங்கிப் போட்டாக. அந்த வீட்டுல யாரு கோழின்னு அவரையே கேளுங்க."

சொல்லி முடித்த பிறகுதான் பேச்சியின் முகம் ஞாபகம் வந்தது.

சிரிப்பு நின்றுவிட்டது. எல்லோரும் சோலைமலையைப் பார்த்தார்கள். அவர் இல்லையென்று சொல்லியிருக்கலாம். என் பல்லுக்குச் சாட்சி யார்? அவர் எழுந்து, "ஆமா. எங்க வீட்டுல கடை அரிசிதான்" என்றார். ஏனென்று சொல்லவில்லை. மேல்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கரையோடு நடந்து போய்விட்டார்.

அதன் பிறகு அங்கே ஒன்றும் நடக்கவில்லை. "கடை அரிசி திங்கிறவரு நம்மளக் கூப்பிட்டு வரி கேக்கச் சொன்னாரு பாத்தியா" என்று பேசிக்கொண்டே கலைந்தார்கள். மேஜையருகே இருந்தவர் மைப் பெட்டியை மூடினார். இரண்டு மூன்று பேர் வந்து என் முதுகில் தட்டினார்கள். ராவுத்தரும் வந்திருந்தார். அவர் தட்டவில்லை. "ஜெயிச்சுட்டீக" என்றார், அவ்வளவுதான்.

திரும்புவதற்கு ஒற்றை மாட்டு வண்டி பிடித்தேன். ஊரைச் சுற்றிக்கொண்டு வந்து பழங்காநத்தத்தைத் தாண்டியதும் கடையாணி எங்கோ விழுந்து சக்கரம் கழலப் பார்த்தது. வண்டிக்காரர் ஆணியைத் தேடிக்கொண்டு வந்த வழியே போனார். நான் ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தேன். கூட்டத்திலிருந்து நடந்தே திரும்பிய பெண் ஒருத்தி அதே நிழலில் வந்து நின்றாள். வெள்ளையம்மா என்று பெயர். சோலைமலை வயலில் வேலை செய்கிறவள். அவள் கட்டைவிரல் கறுப்பாக இருந்தது. மையைத் தொட்டுவிட்டாளாம், காகிதத்தில் வைப்பதற்குள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்களாம்.

"அய்யா, ஒண்ணு கேக்கணும். கடை அரிசியில தவிடு வருமா?"

வராது, மில்லிலேயே போய்விடும் என்றேன்.

"அதத்தான் சொல்றேன். இந்த வருசம் எல்லா வீட்டுலயும் கூலியக் காசாக் குடுத்துட்டாக. சோலைமலை அய்யா மட்டுந்தான் வழக்கப்படி நெல்லா அளந்தாரு. கிஸ்திக்கு வித்தது போக மிச்சம் இருந்த அம்புட்டையும் எங்க நாலு வீட்டுக்கு அளந்துட்டு, அவுக கடைக்குப் போனாக. நெல்லுன்னா குத்துனா தவிடு இருக்கும், உமி இருக்கும். அதத் தின்னு கோழி கெடக்கும், ஆடு கெடக்கும். காசக் கொண்டுபோனா கடையில வெறும் அரிசிதான அய்யா குடுக்குறான்?"

அவள் என்னைக் குத்திக் காட்டவில்லை. தெரிந்தவரிடம் சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள். இதை ஏன் அவர் கூட்டத்தில் சொல்லவில்லை என்று நான் கேட்டேன்.

"சொன்னா காசாக் குடுத்தவுக மூஞ்சிய எங்க வச்சுக்கிருவாக? அவுகளும் ரேகை வைக்க வந்தவுகதான."

அரிசி விற்கிறவர்கள் உண்டு, வாங்கித் தின்கிறவர்கள் உண்டு, இரண்டு பேருக்கும் நடுவில் வரி கூடாது. என் சாஸ்திரம் முழுவதும் அதுதான். விற்காமலும் வாங்காமலும், வயலில் நின்று மரக்காலில் அளந்து வாங்கிப் பிழைக்கிற ஒரு கூட்டம் இருக்கிறது என்பது அந்த வெள்ளைக்கார மானேஜருக்குத் தெரிய நியாயமில்லை. எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். கப்பலேறுவதற்கு முன்னால் என் தாயும் தகப்பனும் அப்படித்தான் கூலி வாங்கினார்கள்.

வண்டிக்காரர் கடையாணியைக் கண்டுபிடிக்கவில்லை. மிச்ச தூரத்தை நடந்தேன். பேச்சியிடம் என்ன சொல்வது, சோலைமலை காலில் விழுவதா, மறுபடி கூட்டம் கூட்டி உண்மையைச் சொல்வதா என்று யோசித்துக்கொண்டே போனேன். தெருவில் நுழையும்போது உலக்கைச் சத்தம் கேட்டது. மத்தியான வெயிலில் யார் நெல் குத்துகிறார்கள் என்று பார்த்தால், என் தங்கை.

அதற்குள் சேதி அவளுக்கு வந்துவிட்டிருந்தது. என்னைப் பார்த்தாள். புடைத்தாள், அரித்தாள், உலையில் போட்டாள். நான் முற்றத்தில் நின்றேன். சுவரோரம் வைக்கோல் பிரிகள் சிதறிக் கிடந்தன, சாணி காய்ந்து ஒட்டிய பிரிகள். குனிந்து ஒன்றை எடுத்துப் பார்த்தேன். விதைக்கோட்டை. அடுத்த விதைப்புக்கான நெல்லை வைக்கோல் பிரியில் உருண்டையாகக் கட்டி, காற்றுப் போகாமல் சாணி மெழுகி, ஆடி ஆவணி வரை தொடாமல் வைப்பார்கள். முன்கூட்டிப் பிரித்துவிட்டால் காற்றுப்பட்டு முளைப்பு போய்விடும். பிறகு அது சோற்றுக்குத்தான் ஆகும்.

இலை போட்டாள்.

"உக்காருண்ணே. வீட்டுல நம்ம நெல்லுன்னு இருந்தது இதுதான்."

"பேச்சி, நான் கோவத்துல…"

"சாப்பிடு. என் வீட்டுல வந்து கடை அரிசி தின்னேன்னு இனி எங்கயும் சொல்லாத."

உட்கார்ந்தேன். உட்காராமல் இருக்க எனக்கு என்ன யோக்கியதை? சோறு வெள்ளையாக, நுனி ஒடியாமல், மணத்தோடு விழுந்தது. கையை இலையில் வைத்தபடி இருந்தேன்.

அந்த நேரத்தில் சோலைமலை வந்தார். வாசலிலிருந்தே வைக்கோல் பிரிகளைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளை அடிப்பாரோ, என்னை வெளியே போகச் சொல்வாரோ என்று நினைத்தேன். கால் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எனக்கும் ஒரு இலை போடு" என்றார்.

"மாப்ள, நான் நாளைக்கே ஊரக் கூட்டிச் சொல்றேன். வெள்ளையம்மா எல்லாத்தையும் சொல்லிட்டா."

"சொல்ல வேணாம் மச்சான். காசாக் கூலி குடுத்தவுகளையும் சேத்து அசிங்கப்படுத்த வேணாம். சாப்பிடுங்க, ஆறிரும்."

இரண்டு பேரும் சாப்பிட்டோம். நான்தான் கேட்டேன். விதை இல்லாவிட்டால் ஊரில் நாலு வீட்டில் கேட்டால் தர மாட்டார்களா? ஒரு வீட்டுக்கு விதை குறைந்தால் அடுத்த வீடு தருவது அந்தப் பக்கத்து வழக்கம்தானே?

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"நேத்து வரைக்கும் கேட்டிருப்பேன்."

சர்க்கார் விதைப் பண்ணையில் முதல்தர விதை வாங்கி இறக்குகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். வயலில் கிணறு வெட்டித் தருகிறேன் என்றேன். அதற்கும் வேண்டாம் என்றார். கிணற்றை நானே வெட்டிக்கொள்கிறேன், நீங்கள் சொன்ன வாழையையே போடுகிறேன் என்றார். கோபமாகச் சொல்லவில்லை. யோசித்து முடிவுக்கு வந்தவர் சொல்வதுபோலச் சொன்னார். நான் மதுரைக்கு வந்தது அவரை இந்த வார்த்தை சொல்ல வைக்கத்தான்.

அடுத்த நாள் ஸ்டேஷனுக்கு என் பெட்டியை அவரே தூக்கி வந்தார். ரயில் நகர்கிறவரை நின்றார். பேச்சி வாசலோடு நின்றுவிட்டாள்.

ரங்கூனில் எனக்கு மாலை போட்டார்கள். தெப்பக்குளத்தில் நான் பேசியதை அப்படியே சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். கோழி என்று வந்த இடத்தில் கைதட்டினார்கள். பி.ஏ. படித்த இருவரும் எழுந்து வந்து கை குலுக்கினார்கள். அதற்குப் பிறகு நடந்த சாப்பாட்டை நான் அங்கே சொல்லவில்லை. வீட்டில்கூடச் சொல்லவில்லை. முதல் தடவையாக இங்கேதான் எழுதுகிறேன்.

எட்டு மாதம் கழித்து ராவுத்தர் ஒரு கடிதத்தில் மாடக்குளம் பக்கத்து ஊர்களில் நம் அரிசி நன்றாகப் போகிறது, இன்னும் அனுப்புங்கள் என்று எழுதினார். வெள்ளையம்மாவுக்கும் மற்ற மூன்று வீடுகளுக்கும் இப்போது கூலி காசாகத்தான் வருகிறதென்றும் அதில் ஒரு வரி இருந்தது.

நான் தங்கைக்கு மூன்று கடிதம் போட்டேன். மூன்றாவதற்கு ஒரு தபால் அட்டையில் பதில் வந்தது. சோலைமலையின் கையெழுத்து. இவ்விடம் யாவரும் சுகம், வாழை குலை தள்ளியிருக்கிறது, அரிசி கடையில் வாங்குகிறோம், நல்ல அரிசியாக இருக்கிறது என்று எழுதியிருந்தார். ஊருக்கு ஒரு தடவை வந்து போகவும் என்று எந்தச் சொந்தக்காரர் கடிதத்திலும் கடைசியில் ஒரு வரி இருக்கும். அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் என் விலாசம் மட்டும் இருந்தது.